வேற எங்கெல்லாம் அப்ளை பண்ணியிருக்கோம்னு காலேஜுக்குத் தெரியுமா? கடலூர், பாண்டி மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் கடலூரில் மேல்நிலை வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கிறேன். பிளஸ் டூ ரிசல்ட் வந்த நாளிலிருந்து செப்டம்பர் வரைக்கும் பிள்ளைகளோடு உட்கார்ந்து விண்ணப்பம் போடுவதும் சாய்ஸ் லிஸ்ட் தயார் பண்ணுவதும்தான் பெரும்பாலும் என் சாயங்கால வேலை. அப்போது பிள்ளைகளும் பெற்றோரும் தயங்கித் தயங்கிக் கேட்கிற ஒன்று உண்டு: ஒரு காலேஜுக்குப் போட்டது இன்னொரு காலேஜுக்குத் தெரிந்துவிடுமா, தெரிந்தால் "இவன் எப்படியும் வர மாட்டான்" என்று நம்மைத் தள்ளிவிடுவார்களா? இந்தப் பயத்தாலேயே நல்ல இடங்களுக்கு விண்ணப்பம் போடாமல் விட்டுவிடுகிறார்கள். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சுருக்கமா சொல்லுங்க மிஸ். தெரியுமா, தெரியாதா?

அரசு நடத்தும் கவுன்சிலிங்கில் காலேஜுக்குத் தெரியாது. தெரிந்தாலும் அதனால் ஒன்றும் ஆகாது, ஏனென்றால் அங்கே உங்களைத் தேர்வு செய்வது காலேஜ் இல்லை, ரேங்க் பட்டியல். தனியார் காலேஜ்கள் சில நேரம் நேராகவே கேட்பார்கள், அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன். உண்மையிலேயே "வேறு எங்கே" என்பது முக்கியமாகிற இடங்கள் மூன்றுதான்: ஏற்கெனவே ஒரு மருத்துவ சீட்டில் சேர்ந்துவிட்டு இன்னொன்றுக்குப் போவது, இரண்டு மாநிலங்களில் இருப்பிட உரிமை கேட்பது, "இடம் கொடுத்தால் கட்டாயம் வருவேன்" என்று வெளிநாட்டுக் காலேஜ் ஒன்றுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது. பயப்படுவதானால் இந்த மூன்றுக்குப் பயப்படுங்கள்.

டி.என்.இ.ஏ. (தமிழ்நாடு இன்ஜினியரிங் கவுன்சிலிங்) சாய்ஸ் லிஸ்டில் ஒரு காலேஜை நாற்பதாவதாகப் போட்டால், அவர்கள் அதைப் பார்த்து "நம்மைக் கடைசியில் போட்டிருக்கான்" என்று நினைக்க மாட்டார்களா?

பார்க்கவே முடியாது. உங்கள் லிஸ்ட் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் கணினியில் இருக்கிறது. காலேஜுக்குப் போய்ச் சேர்வது கடைசியில் ஒதுக்கீடு ஆனவர்களின் விவரம் மட்டும்தான். அதில் நீங்கள் அவர்களை முதலாவதாகப் போட்டீர்களா நூறாவதாகப் போட்டீர்களா என்பது இருக்காது.

ரேங்க் எப்படி வருகிறது என்பதையும் பாருங்கள். கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, ஆக மொத்தம் 200-க்குக் கட்-ஆஃப். நுழைவுத் தேர்வு 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தோடு போய்விட்டது. இரண்டு பேர் கட்-ஆஃப் சமமாக வந்தால் முதலில் கணித மார்க்கைப் பார்ப்பார்கள், அப்புறம் இயற்பியல், இப்படியே போய்ப் பிறந்த தேதி, அதிலும் சமம் என்றால் ரேண்டம் எண். வேறு எங்கே விண்ணப்பித்தீர்கள் என்கிற கேள்வி இந்தக் கணக்கில் எங்குமே நுழையவில்லை.

அப்போ கிடைக்கிற காலேஜை முதலில் போடுவதுதானே பாதுகாப்பு?

இல்லை, இதுதான் வருஷா வருஷம் பிள்ளைகளுக்கு நடக்கிற பெரிய நஷ்டம், அதனால் இதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன்.

நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு அம்மா மகளோடு வந்திருந்தார். நீள நோட்டில் காலேஜ் பெயர், கோட் நம்பர் எல்லாம் அழகாக எழுதியிருந்தாள் அந்தப் பெண். கிண்டிக்கு கோட் 1, குரோம்பேட்டை எம்.ஐ.டி.க்கு 4. ஆனால் இரண்டையும் லிஸ்டின் அடியில் தள்ளிவிட்டு, பண்ருட்டியில் இருக்கிற அண்ணா பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரியை முதலில் போட்டிருந்தாள். ஏன் என்று கேட்டால், "கிண்டியை மேல போட்டா பண்ருட்டிக்காரங்க கோவிச்சுக்கிட்டு சீட்டு தர மாட்டாங்கன்னு சொன்னாங்க மிஸ்" என்றாள். யாரோ பக்கத்து வீட்டு அண்ணன் சொல்லியிருக்கிறார்.

கணினி என்ன செய்கிறது என்றால், ரேங்க் 1 வாங்கியவரின் லிஸ்டை எடுத்து மேலிருந்து கீழே பார்க்கிறது, அவர் பிரிவில் காலியாக இருக்கிற முதல் இடத்தைக் கொடுத்துவிட்டு ரேங்க் 2-க்குப் போகிறது. உங்கள் முறை வரும்போதும் அப்படியே மேலிருந்து பார்க்கும். கிண்டியில் இடம் இல்லையா, அடுத்த வரி. அங்கேயும் இல்லையா, அதற்கடுத்த வரி. பண்ருட்டி ஐந்தாவதாக இருந்தாலும், உங்கள் முறை வரும்போது அங்கே இடம் இருந்தால் அது உங்களுக்குத்தான், உங்களுக்குப் பின்னால் இருப்பவர் அதை முதல் சாய்ஸாகப் போட்டிருந்தாலும்கூட. ஆனால் பண்ருட்டியை முதலில் போட்டு அங்கே இடமும் இருந்துவிட்டால் கணினி அதோடு நின்றுவிடும், கீழே எழுதியிருக்கிற கிண்டியைத் திரும்பியும் பார்க்காது. அதாவது மேலே பெரிய காலேஜைப் போடுவதால் நீங்கள் இழப்பது ஒன்றுமே இல்லை, கீழே தள்ளினால்தான் இழப்பு.

அந்தப் பெண்ணின் லிஸ்டை அன்றைக்கே மாற்றி எழுதினோம். உங்களுக்கு எது பிடிக்கிறதோ அந்த வரிசையில் போடுங்கள். எத்தனை சாய்ஸ் வேண்டுமானாலும் போடலாம், அதற்கு வரம்பு கிடையாது. லாக் பண்ணுவதற்கு முன்னால் அப்பா, அம்மாவை உட்கார வைத்து ஒருமுறை சத்தமாக வாசித்துப் பாருங்கள்.

டி.என்.இ.ஏ., சென்டாக், ஜோசா, மூன்றிலும் ஒரே நேரத்தில் போடலாமா?

தகுதி இருந்தால் தாராளமாகப் போடலாம். மூன்றையும் நடத்துவது வேறு வேறு அமைப்புகள். டி.என்.இ.ஏ. தமிழ்நாட்டுக்கு, சென்டாக் புதுச்சேரி அரசுக்கு, ஜோசா ஐ.ஐ.டி., என்.ஐ.டி. போன்றவற்றுக்கு. ஒன்றில் பதிந்ததற்காக இன்னொன்றில் யாரும் உங்களை நீக்க மாட்டார்கள்.

நம் பகுதிப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு விஷயம் தெரிவதில்லை. பிள்ளைச்சாவடியில் இருக்கிற புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், அதுதான் பழைய பாண்டிச்சேரி இன்ஜினியரிங் காலேஜ், கடலூரிலிருந்து பஸ் ஏறினால் போய்விடலாம். ஆனால் தமிழ்நாட்டு மாணவர் ஒருவர் அங்கே வெளிமாநில இடத்தில் சேர ஜே.இ.இ. மெயின் எழுதி ஜோசா வழியாகப் போக வேண்டும். காரைக்காலில் இருக்கிற என்.ஐ.டி.யும் ஜோசாதான். என்.ஐ.டி.களில் பாதி இடம் சொந்த மாநிலத்துக்கு. அந்தச் சொந்த மாநிலம் எது என்பதை வீட்டு முகவரியை வைத்து முடிவு செய்வதில்லை, பிளஸ் டூ எந்த மாநிலத்தில் தேர்ச்சி பெற்றீர்கள் என்பதை வைத்துத்தான். பாகூரில் வீடு இருந்து கடலூர் பள்ளியில் பிளஸ் டூ முடித்தால் ஜோசா கணக்கில் நீங்கள் தமிழ்நாடு. உங்களுக்குச் சொந்த மாநில என்.ஐ.டி. திருச்சி, காரைக்கால் கிடையாது.

எங்க வீடு பாண்டி எல்லையில், படிச்சது கடலூர்ல. ரெண்டு பக்கமும் நேட்டிவிட்டி காட்டிப் போடலாமா?

இந்தக் கேள்வியை நான் மிகவும் கவனமாக எடுத்துக்கொள்வேன். நம் ஊர் எல்லை எப்படி இருக்கிறது என்று நமக்குத் தெரியும். முள்ளோடை தாண்டினால் பாண்டி, இந்தப் பக்கம் தமிழ்நாடு, நடுவில் கிராமங்கள் ஒன்றுக்குள் ஒன்று கலந்து கிடக்கின்றன. பாகூரில் ரேஷன் கார்டு, மஞ்சக்குப்பத்தில் பள்ளிக்கூடம் என்று வாழ்கிற குடும்பங்கள் எத்தனையோ. அதனால் ஒரே பிள்ளைக்கு இரண்டு பக்கமும் சான்றிதழ் இருப்பது இங்கே அதிசயமில்லை, அந்தச் சான்றிதழ்கள் பொய்யும் இல்லை.

ஆனால் மருத்துவக் கவுன்சிலிங்கில் ஒரே ஆண்டில் இரண்டு மாநிலத்திலும் "நான் இந்த மாநிலத்துக்காரன்" என்று இட ஒதுக்கீடு கேட்கக் கூடாது. கேட்கவில்லை என்று உறுதிமொழியும் வாங்குவார்கள். நீட் எழுதியவருக்கு ஒரே பதிவு எண்தான், இரண்டு மாநிலப் பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பெயர் உடனே சிக்கிவிடும். பாண்டியில் இது ஒவ்வோர் ஆண்டும் புகார் கிளம்புகிற விஷயம், பெற்றோர் அமைப்புகளே பட்டியல்களை ஒப்பிட்டுப் பார்க்கின்றன. மாட்டினால் பட்டியலிலிருந்து பெயர் போகும், சேர்ந்த பிறகு தெரிந்தால் சீட்டே போகும்.

அதற்காக மற்ற மாநிலத்துக்கு விண்ணப்பிக்கவே கூடாது என்று நினைக்க வேண்டாம். இருப்பிட உரிமை கேட்காமல், எல்லா மாநிலத்தவருக்கும் திறந்திருக்கிற நிர்வாக ஒதுக்கீடு, அகில இந்திய ஒதுக்கீடு மாதிரியான பிரிவுகளில் போடலாம். விண்ணப்பிப்பது வேறு, அந்த மாநிலத்துக்காரர் என்று உரிமை கேட்பது வேறு. எந்தப் பக்கம் உரிமை கேட்பது என்பதை விண்ணப்பம் திறப்பதற்கு முன்பே வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். தமிழ்நாட்டு மருத்துவ சேர்க்கையில் ஆறு முதல் பன்னிரண்டு வரை எங்கே படித்தீர்கள் என்று பார்ப்பார்கள், பாண்டியில் தாலுகா அலுவலகம் தரும் இருப்பிடச் சான்றிதழைப் பார்ப்பார்கள். எது உறுதியாக நிற்கும் என்று யோசித்து அந்தப் பக்கம் போங்கள்.

ஜிப்மருக்கும் தமிழ்நாடு கவுன்சிலிங்குக்கும் சேர்த்துப் போட்டிருக்கேன். பிரச்சினையா?

போட்டதில் பிரச்சினை இல்லை. ஜிப்மர் முன்பு தனியாக நுழைவுத் தேர்வு வைத்தது, 2020 முதல் நீட் மதிப்பெண்தான், இடங்களை நிரப்புவது மத்திய அரசின் மருத்துவக் கவுன்சிலிங் குழுவான எம்.சி.சி. மாநில அரசு மருத்துவக் கல்லூரிகளில் 15 சதவீத இடங்களும் எம்.சி.சி. வழியாகத்தான். ஆக எம்.சி.சி.யிலும் மாநிலத்திலும் பதிவது எல்லோரும் செய்வது.

கவனிக்க வேண்டியது சேருகிற கட்டத்தில். எம்.சி.சி. முதல் சுற்றில் கிடைத்ததை வேண்டாம் என்று விட்டால் ஒன்றும் ஆகாது. இரண்டாம் சுற்றிலிருந்து விளையாட்டு மாறுகிறது. ஒதுக்கீடு வந்து சேராமல் விட்டால் கட்டிய டெபாசிட் போகும். பொதுப் பிரிவுக்கு அது 10,000 ரூபாய், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கு 2 லட்சம். அதோடு, சேர்ந்தவர்களின் பெயர்களை எம்.சி.சி.யும் மாநிலங்களும் பகிர்ந்துகொள்கின்றன, ஒரு சீட்டைப் பிடித்துக்கொண்டு இன்னொரு பக்கம் அடுத்த சுற்றுக்குப் போக விடமாட்டார்கள். இதில் எனக்கு வருத்தம் கிடையாது. ஒரே பிள்ளை இரண்டு சீட்டைப் பிடித்து வைத்திருந்தால் இன்னொரு வீட்டுப் பிள்ளை வெளியே நிற்கும். ஆண்டுக்கு ஆண்டு விதிகள் கொஞ்சம் மாறும், அந்த ஆண்டின் தகவல் கையேட்டை முழுதாகப் படிக்காமல் "சேர்கிறேன்" பொத்தானை அழுத்தாதீர்கள்.

பெரியார் கலைக் கல்லூரிக்கும் விருத்தாசலம் கலைக் கல்லூரிக்கும் போட்டால்?

போடுங்கள். அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கு ஒரே இணையதள விண்ணப்பத்தில் பல காலேஜ்களைத் தேர்ந்தெடுக்கலாம், அந்த விண்ணப்பமே அதற்காகத்தான் இருக்கிறது. ஒவ்வொரு காலேஜும் தனக்கு வந்தவர்களை மார்க் அடிப்படையில் வரிசைப்படுத்தும். பாண்டியில் தாகூர் கலைக் கல்லூரி, பாரதிதாசன் மகளிர் கல்லூரிக்கெல்லாம் சென்டாக். காலாப்பட்டு மத்தியப் பல்கலைக்கழகத்துக்கு 2022 முதல் மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வான க்யூட். எங்கேயும் மார்க்தான் பேசும். ஒரே நாளில் இரண்டு இடத்தில் கலந்தாய்வுக்குக் கூப்பிட்டால் எங்கே போவது என்பதை மட்டும் முன்கூட்டியே முடிவு பண்ணிக்கொள்ளுங்கள்.

தனியார் காலேஜ்ல "வேற எங்க போட்டிருக்கீங்க"ன்னு நேராவே கேட்டாங்க. பொய் சொல்லிடவா?

வேண்டாம், தேவையே இல்லை. அவர்கள் கேட்பது உங்களைத் தள்ளுவதற்காக இல்லை. எத்தனை பேர் கடைசிவரை நிற்பார்கள், எத்தனை பேர் கவுன்சிலிங் வந்ததும் போய்விடுவார்கள் என்று அவர்களுக்குக் கணக்கு வேண்டும். "டி.என்.இ.ஏ.விலும் பதிந்திருக்கிறேன், அது முடிந்ததும் சொல்கிறேன்" என்று அமைதியாகச் சொல்லுங்கள். போதும். பெரிய பெரிய பெயர்களை அடுக்கி மிரட்டவும் வேண்டாம், "உங்க காலேஜ் ஒன்றுதான் சார்" என்று கெஞ்சவும் வேண்டாம்.

இந்தப் பதிலைக் கேட்டதும் "இன்றைக்கே பணம் கட்டினால்தான் இந்த பிராஞ்ச், நாளைக்கு இருக்காது" என்று அவசரப்படுத்துவார்கள். நிர்வாக ஒதுக்கீட்டுக்கு ஓடுவதற்கு முன் ஒன்றை நினைவில் வையுங்கள். முதல் பட்டதாரி கட்டணச் சலுகை கவுன்சிலிங் வழியாகச் சேர்ந்தால்தான் கிடைக்கும். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கட்டணத்தை அரசே ஏற்கிறது, அதுவும் கவுன்சிலிங் வழியாகத்தான். முட்லூரிலிருந்தோ குறிஞ்சிப்பாடியிலிருந்தோ வருகிற ஒரு முதல் தலைமுறைப் பிள்ளை, அவசரத்தில் ஒரு கையெழுத்துப் போட்டு இதை இழப்பதைப் பார்க்க எனக்கு நெஞ்சு பதறும்.

ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி வைத்துக்கொண்டால் வேறு எங்கேயும் போக முடியாதே?

அதற்காகத்தான் சிலர் வாங்கி வைப்பதே. என்னிடம் படித்த ஒரு பையனிடம், ஒரு காலேஜில், மார்க் ஷீட், டி.சி., சாதிச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஃபைலோடு வாங்கி உள்ளே வைத்துவிட்டார்கள். பத்து நாள் கழித்து அவனுக்குக் கவுன்சிலிங்கில் நல்ல இடம் வந்தது. ஃபைலைக் கேட்டால் "முழு வருஷப் பணத்தையும் கட்டிட்டு எடுத்துக்கிட்டுப் போ" என்றார்கள்.

இது விதிக்கு விரோதம். ஒரிஜினலைச் சரிபார்த்துவிட்டுக் கையோடு திருப்பித் தர வேண்டும், பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. 2018-இல் அறிவிக்கையே வெளியிட்டிருக்கிறது. அவனுடைய அப்பா அந்த அறிவிக்கையைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய், எழுத்தில் மனு கொடுத்து, நகலில் சீல் வைத்துக் கேட்டார். சாயங்காலத்துக்குள் ஃபைல் கைக்கு வந்தது. வாய்ச்சண்டை போடாதீர்கள், எழுத்தில் கொடுங்கள். சேருகிற அன்றைக்கு யாரிடம் என்னென்ன கொடுத்தீர்கள் என்பதற்கு ஒப்புகைச் சீட்டு கேளுங்கள். எதைக் கொடுத்தாலும் முன்கூட்டி ஸ்கேன் எடுத்து, ஐந்தாறு ஜெராக்ஸ் போட்டு வையுங்கள்.

கட்டின பணம் திரும்ப வருமா?

அதே 2018 அறிவிக்கையில் ஒரு படிக்கட்டு இருக்கிறது. சேர்க்கைக்கு அறிவித்த கடைசி நாளுக்கு 15 நாளோ அதற்கும் மேலோ முன்னால் விலகினால் முழுப் பணம், அதில் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை பிடித்துக்கொள்ளலாம். கடைசி நாளுக்கு முந்தைய 15 நாளுக்குள் என்றால் 90 சதவீதம். கடைசி நாள் முடிந்து 15 நாளுக்குள் 80. அதற்குப் பிறகு 30 நாள் வரை 50. அதையும் தாண்டினால் ஒன்றும் இல்லை. கவுன்சிலிங் தள்ளிப்போன 2023, 2024 மாதிரியான ஆண்டுகளில் செப்டம்பர் 30 வரை விலகினால் முழுப் பணத்தையும் தரச் சொல்லி யு.ஜி.சி. தனியாகவே உத்தரவு போட்டது. உங்கள் ஆண்டுக்கு அப்படி ஏதும் வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள். ரசீது இல்லாமல் கையில் கொடுத்த பணத்துக்கு இந்த விதி எதுவும் உதவாது.

டி.என்.இ.ஏ.வில் "ஏற்றுக்கொண்டு மேலே காத்திருக்கிறேன்" கொடுத்தால் அந்தக் காலேஜ் கோபித்துக்கொள்ளுமா?

கோபிக்க அங்கே யாரும் இல்லை, அதுவும் கணினிதான். இப்போது கிடைத்ததைப் பிடித்துக்கொண்டு, உங்கள் லிஸ்டில் அதற்கு மேலே இருப்பது காலியானால் அங்கே மாறுவதற்கான வழி அது. மேலே மாறிவிட்டால் பழைய இடம் போய்விடும், திரும்பக் கேட்க முடியாது. அதனால்தான் வரிசை முக்கியம் என்று அவ்வளவு சொன்னேன். "ஏற்றுச் சேர்கிறேன்" கொடுத்தவர்கள் குறித்த நாளுக்குள் காலேஜுக்குப் போய்ப் பணம் கட்டியே ஆக வேண்டும். நாள் தவறினால் இடம் அடுத்தவருக்கு.

அமெரிக்கா, இங்கிலாந்துல இதைப் பார்ப்பாங்களாமே?

இங்கிலாந்தில் யூகாஸ் என்கிற ஒரே விண்ணப்பத்தில் ஐந்து இடங்கள் வரை போடலாம். மற்ற நான்கு எவை என்பது, நீங்கள் உங்கள் முடிவைச் சொல்லும்வரை எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் தெரியாது. ஆனால் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் இரண்டுக்கும் ஒரே ஆண்டில் போடக் கூடாது, மருத்துவத்துக்கு ஐந்தில் நான்கு மட்டும். உங்களைப் பற்றி நீங்கள் எழுதுகிற பகுதி ஐந்து இடத்துக்கும் ஒன்றேதான் போகும், அதில் ஒரு பல்கலைக்கழகத்தின் பெயரைப் புகழ்ந்து எழுதினால் மற்ற நான்கும் அதை வாசிக்கும்.

அமெரிக்காவில் இந்தப் பயத்துக்குக் கொஞ்சம் காரணம் உண்டு. அங்கே காலேஜ்தான் ஆளைத் தேர்ந்தெடுக்கிறது, இடம் கொடுத்தவர்களில் எத்தனை பேர் உண்மையில் வந்து சேர்கிறார்கள் என்பதைக் கவனித்துக்கொண்டே இருக்கிறது. நீங்கள் எவ்வளவு ஆர்வம் காட்டுகிறீர்கள் என்பதைச் சில காலேஜ்கள் கணக்கில் எடுக்கும், சில எடுக்காது. பொது விண்ணப்பமான காமன் ஆப் வழியாகப் போட்டால் மற்ற காலேஜ்களின் பெயர் அவர்களுக்குத் தெரியாது. அமெரிக்கக் குடியுரிமை உள்ள பிள்ளைகள் அரசு உதவித்தொகைக்குக் கொடுக்கிற ஃபாஃப்சா படிவத்தில் முன்பு முழுப் பட்டியலும் எல்லா காலேஜுக்கும் தெரிந்தது, 2016-17 கல்வியாண்டிலிருந்து அதை மறைத்துவிட்டார்கள். சேர்ந்தே தீர வேண்டும் என்று கட்டுப்படுத்துவது ஒன்றுதான்: "எர்லி டிசிஷன்". அதை ஒரே ஒரு காலேஜுக்குத்தான் போடலாம், மாணவரும் பெற்றோரும் பள்ளியும் கையெழுத்திட வேண்டும், இடம் கிடைத்தால் மற்ற விண்ணப்பங்களைத் திரும்பப் பெற வேண்டும். எவ்வளவு நிதியுதவி தருவார்கள் என்பது தெளிவாகத் தெரியாத குடும்பம் அந்தக் கையெழுத்தைப் போடக் கூடாது என்பதுதான் என் கருத்து.

பாண்டி லிசேல (பிரெஞ்சுப் பள்ளி) படிக்கிறேன். பிரான்ஸுக்குப் போடும்போது?

2018-இல் வந்த பிரெஞ்சு அரசின் சேர்க்கை இணையதளமான பார்கூர்சூப்பில், விண்ணப்பிக்கும்போது விருப்பங்களை வரிசைப்படுத்த வேண்டாம், ஒரு கல்வி நிறுவனத்துக்கு உங்கள் மற்ற விருப்பங்கள் காட்டப்படுவதும் இல்லை. அதற்கு முன்பிருந்த முறையில்தான் வரிசை போட வேண்டியிருந்தது, உங்கள் அக்கா, அண்ணன் காலத்து அனுபவத்தை வைத்து இப்போது பயப்பட வேண்டாம்.

எத்தனை இடத்தில் போட்டால் போதும் மிஸ்?

கட்டணம் கட்ட முடிகிற அளவுக்கு, போய்ச் சேர மனசு இருக்கிற இடங்களுக்கு மட்டும். கிடைத்தாலும் போக மாட்டேன் என்று இப்போதே தெரிகிற காலேஜுக்கு விண்ணப்பப் பணம் கட்டுவது வீண். மற்றபடி எண்ணிக்கையைப் பார்த்து யாரும் உங்களைக் குறைத்து மதிப்பிட மாட்டார்கள். ஒரு நோட்டில் ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, பதிவு எண், பாஸ்வேர்டு, கட்டிய தொகை, அடுத்த கடைசி நாள், எந்தப் போன் நம்பர் கொடுத்தீர்கள் என்று எழுதி வையுங்கள். ஓ.டி.பி. அப்பாவின் போனுக்குப் போகும், அப்பா கடலில் இருப்பார் அல்லது வெளியூரில் வேலையில் இருப்பார், சாய்ஸ் லாக் பண்ணுகிற கடைசி ராத்திரி தேவனாம்பட்டினத்துப் பிள்ளை ஒருத்தி அழுதுகொண்டு எனக்குப் போன் பண்ணியிருக்கிறாள். பதிவு செய்யும்போதே வீட்டில் எப்போதும் இருக்கிற போனின் நம்பரைக் கொடுங்கள்.